மதியம் இரண்டு மணிக்கு மேல் வரவும்

மதுரையில் ஒரு கல்லூரிக்குப் பேசப் போயிருந்தேன். பெயர் வேண்டாம், அங்கே கண்டது அந்த ஒரு கல்லூரியோடு முடிகிற விஷயமில்லை. முதல் மாடியில் ‘மாணவர் மனநல ஆலோசனை அறை’ என்று புதுப் பலகை மாட்டியிருந்தார்கள். கதவில் ஒரு தாள்: செவ்வாய், வியாழன், மதியம் 2 மணிக்கு மேல் வரவும். எதிர்ச் சுவரில் அட்டெண்டன்ஸ் குறைந்தவர்களின் பட்டியல். அதில் தன் பெயர் இருக்கிறதா என்று பார்க்க எந்நேரமும் ஒரு கூட்டம் நிற்கிறது. அத்தனை கண்களுக்கு முன்னால் அந்தக் கதவைத் தட்ட எந்தப் பிள்ளைக்கு மனசு வரும்?

நேரத்தையும் பாருங்கள். முதல் ஷிப்டு ஒன்றரைக்கெல்லாம் முடிந்துவிடுகிறது. உசிலம்பட்டி, பேரையூர், மேலூர்ப் பக்கமிருந்து விடிகாலையில் கிளம்பி வந்த பிள்ளைகள் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறார்கள். அதை விட்டால் ஊருக்குள் போகிற அடுத்த வண்டி சாயங்காலம்தான். பெண்பிள்ளை என்றால் வீட்டு வாசலிலேயே “ஏன் லேட்டு?” என்ற கேள்வி காத்திருக்கும். பையன்களில் பாதிப் பேர் ஜவுளிக்கடையிலோ மெடிக்கல் ஷாப்பிலோ மதிய வேலைக்குப் போகிறவர்கள். இரண்டு மணிக்கு அந்த அறை திறக்கும்போது, யாருக்காகத் திறக்கிறதோ அவர்கள் கல்லூரியிலேயே இல்லை.

பலகை மாட்டியதைக் குறை சொல்லவில்லை. அதுவும் இல்லாத காலத்தைப் பார்த்தவன் நான். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்த மாணவர்கள் 13,044 பேர். அதில் 1,416 பேர் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சியில் இருந்த ஒரு மாணவியின் மரணம் தொடர்பான வழக்கில், 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுமைக்கும் 15 வழிகாட்டு நெறிகளைத் தந்தது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் இடத்தில் தகுதிபெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும். எல்லா ஊழியர்களுக்கும் ஆண்டுக்கு இரண்டு முறை பயிற்சி தர வேண்டும். உதவி எண்களை விடுதியிலும் வகுப்பறையிலும் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். இனி எல்லாக் கல்லூரிகளும் பலகை மாட்டும். அதற்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதுதான் என் கவலை.

பேசி முடித்து இறங்கும்போது இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி கூடவே நடந்து வந்தாள். இருபது முப்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்று மென்டர் முறை வைத்திருக்கிறார்களே, அவரிடம் சொல்லலாமே என்று கேட்டேன்.

“எங்க மேடம் நல்லவங்கதான் சார். ஆனா இன்டர்னல் மார்க்கு அவங்கதான போடுவாங்க? நான் பாட்டுக்கு எதையாவது சொல்லி, நாளைக்கு டிபார்ட்மென்ட்ல நாலு பேரு பேசுனா? வீட்டுக்குப் போன் போட்டுட்டா? படிச்சது போதும்னு நிப்பாட்டிருவாங்க சார்.”

இதற்கு மேல் நான் என்ன விளக்க? மார்க் போடுகிறவரிடம் மனசைத் திறக்கச் சொல்வது ஆசிரியருக்கும் பாரம், பிள்ளைக்கும் பயம். மென்டர் இருக்கட்டும். பிள்ளையின் முகம் வாடியிருப்பதை முதலில் பார்க்கக்கூடியவர் அவர்தான். ஆனால் உட்கார்ந்து கேட்கிறவர் அந்தத் துறைக்கும் தேர்வுக்கும் சம்பந்தமில்லாத ஆளாக இருக்க வேண்டும். சொன்னது வெளியே போகாது என்ற உறுதியும் வேண்டும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை பெறுகிறவரின் விவரங்களைக் காப்பதை அவருடைய உரிமையாகவே சொல்கிறது. கல்லூரிப் பிள்ளைகளில் பெரும்பாலோர் 18 வயது தாண்டியவர்கள். உயிருக்கு ஆபத்து என்ற நிலை வந்தால் ஒழிய, அவர்களைக் கேட்காமல் வீட்டுக்குப் போன் போடுவது சரியில்லை.

வீட்டாரையும் நான் பழிக்க மாட்டேன். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியால் கட்டிப்போட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகிய செய்தியைக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்றைய பெற்றோர். மனநோய் என்றாலே அவர்களுக்கு அந்தச் சங்கிலிதான் ஞாபகம் வருகிறது. பிள்ளை சாப்பிடாமல் தூங்காமல் கிடந்தால் பாண்டி கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கயிறு கட்டிவருகிறார்கள். கட்டட்டும், அது அவர்கள் நம்பிக்கை. கூடவே டாக்டரிடமும் காட்டுங்கள் என்பதை யாராவது அவர்களுக்குப் புரிகிற மாதிரி பக்கத்தில் இருந்து சொல்ல வேண்டும்.

பிள்ளைகள் முதலில் சொல்வது பிள்ளைகளிடம்தான். 2022 டிசம்பர் 22 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதலமைச்சர் தொடங்கிவைத்த ‘மனம்’ என்ற மனநல நல்லாதரவு மன்றத் திட்டம் இதைப் புரிந்து செய்த திட்டம். அது முதலில் அரசு மருத்துவக் கல்லூரிகளுக்குத்தான் வந்தது. கலைக் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் அது வேரூன்ற வேண்டும் என்பது என் ஆசை. பிள்ளைக்குப் பிள்ளைதான் துணை என்பதற்கு ஓர் உதாரணம். மேலூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன், பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம், முதல் செமஸ்டரில் மூன்று அரியர். விடுதியில் அவன் அறைத்தோழன் சொன்னதை அப்படியே தருகிறேன்:

“ரெண்டு நாளா மெஸ்ஸுக்கு வரல சார். கேட்டா தலவலின்னான். எனக்குப் பயமாயிருச்சு. 14416க்குப் போட்டு அவன்கிட்டக் குடுத்துட்டுப் பக்கத்துலயே உக்காந்துக்கிட்டேன். அரியரப் பத்திக் கேக்கவே இல்லயாம் சார். சாப்டியா, தூங்குனியான்னுதான் மொதல்ல கேட்டாங்களாம்.”

அந்த 14416 ‘டெலி மனஸ்’ எண். 2022 அக்டோபரில் வந்தது. கட்டணம் கிடையாது, இரவு பகல் எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். தனக்காகவும் கூப்பிடலாம், நண்பனுக்காகவும் கூப்பிடலாம். அந்தப் பையன் இப்போது பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவில் சிகிச்சையில் இருக்கிறான், தேறிவருகிறான். அங்கேயும் ஒரு சிக்கல். ஓ.பி. காலை நேரம், அதுதான் வகுப்பு நேரமும். மருந்து வாங்கப் போகிற ஒவ்வொரு முறையும் அட்டெண்டன்ஸ் குறைகிறது. 75 சதவீதத்துக்குக் கீழே போனால் பணம் கட்ட வேண்டும், மெடிக்கல் சர்டிபிகேட் கொடுக்க வேண்டும். எந்தப் பிரிவு டாக்டர் என்பது அந்தச் சர்டிபிகேட்டின் முத்திரையிலேயே இருக்கிறது. மறைக்க நினைத்ததை அவனே கொண்டுபோய் அலுவலக மேஜையில் வைக்க வேண்டியதாகிறது.

மனநலப் பணி மதுரைக்குப் புதிதல்ல. டாக்டர் சி. ராமசுப்பிரமணியன் 1992இல் தொடங்கிய எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை இங்கேதான் இருக்கிறது. பெரியாஸ்பத்திரி என்று நாங்கள் சொல்கிற அரசு ராஜாஜி மருத்துவமனையைச் சுற்றிக் கோரிப்பாளையம், தல்லாகுளம் பக்கத்திலேயே மருத்துவக் கல்லூரி, மீனாட்சி கல்லூரி, அமெரிக்கன் கல்லூரி, லேடி டோக் என்று வரிசையாகக் கல்லூரிகள். கல்லூரி நிர்வாகங்களும் மருத்துவமனையும் கூடிப் பேசி, வாரந்தோறும் சனிக்கிழமைக் காலையை மாணவர்களுக்கென்றே ஒதுக்கலாம். வகுப்பு போகாது, பஸ்ஸும் தவறாது. சர்டிபிகேட்டில் பிரிவின் பெயர் இல்லாமல் மருத்துவமனை முத்திரை மட்டும் போதும் என்று பல்கலைக்கழகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம். அந்த ஆலோசனை அறையை நூலகத்துக்குப் பக்கம் மாற்றி, இடைவேளையிலும் திறந்து வைக்கலாம். முதலாண்டுப் பிள்ளைகளின் முதல் இன்டர்னல் தேர்வுக்கு முன்னால் இதெல்லாம் நடந்தால் நல்லது.