பச்சைக் குளத்தின் நஞ்சு

பாலிகஞ்சுக்குத் தெற்கே உள்ள ரவீந்திர சரோவர் ஏரியில் சட் பூஜை நடத்தக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை விதித்தது. அத்தடையை நிறுத்திவைக்க 2020இல் உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டது. பக்தர்கள் சிலருக்கு இதில் மனத்தாங்கல் உண்டு. ஆனால் தேங்கிய நீரில் போடுவது எதுவும் நீரோடு போய்விடுவதில்லை.

சாக்கடைக் கழிவு, சோப்பு நுரை, அழுகும் பூஜைப் பொருள்கள் ஆகியவற்றிலுள்ள பாஸ்பரசும் நைட்ரஜனும் நீலப்பச்சைப் பாசிக்கு உரமாகின்றன. வெயில் காலத்தில் அது சாயம் கொட்டியதுபோல் படர்கிறது. அதில் சில வகைகள் மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சைச் சுரக்கின்றன. அது கல்லீரலைத் தாக்கும். நீரைக் கொதிக்க வைத்தாலும் அழியாது. பாசி உடைந்து, உள்ளிருக்கும் நஞ்சு நீரில் கலப்பதே மிச்சம்.

1996இல் பிரேசிலின் கருவாரு நகரில், இந்நஞ்சு கலந்த நீரால் டயாலிசிஸ் செய்யப்பட்ட சிறுநீரக நோயாளிகளில் 50 பேருக்கு மேல் மாண்டனர். குடிநீரில் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்பதே உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு.

பெரிய ஏரிக்கு நீதிமன்றம் காவல் நிற்கிறது. பேட்டைக் குளங்களுக்குக் காவல் யார்? அங்கேதான் ஏழைகள் குளிக்கிறார்கள், பாத்திரம் துலக்குகிறார்கள். மாநகராட்சி கோடைதோறும் அந்த நீரைச் சோதித்து, பாசி படர்ந்த இடங்களில் வங்காளியிலும் இந்தியிலும் தமிழிலும் எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். பச்சை நீரில் பிள்ளைகளை இறக்காதிருப்பது பெற்றோர் கடமை. சாக்கடையைத் திருப்பாமல் பாசியை மட்டும் அள்ளுவது, கூரை ஒழுகும்போது தரையைத் துடைப்பது போன்றதே.