நோயாளிகளிடம் கருத்துக் கேட்பது குறித்துக் குடும்ப மருத்துவர்கள் சங்கத்தின் நிலைப்பாடு

கூகுள் நட்சத்திர விவகாரம் உறுப்பினர்களுக்குப் புதிதல்ல. மதிப்புரை கேட்டு வரவேற்பு மேசையில் கியூஆர் அட்டை வைத்தவர்கள், அதை எடுக்கச் சொன்னவர்கள், கோபித்துக்கொண்டு வாட்ஸ்அப் குழுவை விட்டே போனவர்கள் என எல்லாத் தரப்பும் செயற்குழுவில் பேசித் தீர்த்தாயிற்று. திண்டுக்கல் நகரிலும் வத்தலக்குண்டு, நிலக்கோட்டை, வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் பக்கமும் கிளினிக் நடத்தும் குடும்ப மருத்துவர்களின் சங்கம் தன் நிலையை இப்போது சொல்கிறது. நோயாளியின் கருத்தை மருத்துவர் கேட்டு வாங்கவேண்டும். கூகுள் நட்சத்திரத்தைக் கேட்டு வாங்குவதை 'இயன்றவரை தவிர்க்கலாம்'. இந்த 'இயன்றவரை' உள்ளே நுழைவதற்குத்தான் கூட்டம் அவ்வளவு நேரம் நீண்டது.

சட்டம் தெளிவாக இருந்திருந்தால் இந்த அறிக்கைக்கே வேலையில்லை. தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்ட் 2 அன்று அறிவித்த நடத்தை விதிகள், நோயாளிகளிடம் பாராட்டும் மதிப்புரையும் கேட்டுச் சமூக ஊடகத்தில் பரப்பக்கூடாது என்றன. அதே மாதம் 23-ஆம் தேதி அவை நிறுத்திவைக்கப்பட்டன. பொதுப்பெயரில் மருந்து எழுதுவதைப் பற்றி நடந்த சண்டையில் மதிப்புரைத் தடையும் சேர்ந்து கிடப்புக்குப் போனது. ஆகவே இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதிகளே நடப்பில் உள்ளன. விளம்பரம் செய்து நோயாளிகளை இழுப்பதை அவையும் தடுக்கின்றன. கியூஆர் அட்டை விளம்பரமா என்பதில் செயற்குழுவுக்குள் இரு கருத்து உண்டு. காசு கொடுத்து ஐந்து நட்சத்திரம் வாங்குவதில் இரு கருத்துக்கு இடமில்லை. இணைய மதிப்புரைகளுக்காக 2022 நவம்பரில் வெளியான ஐஎஸ் 19000 என்ற இந்தியத் தரநிலை, விலைக்கு வாங்கும் மதிப்புரைகளை ஏற்கவில்லை. அது கட்டாயமில்லை என்பதுதான் வாங்குவோருக்கு ஒரே ஆறுதல்.

சங்கத்தின் ஆத்திரம் வேறு இடத்தில். வைரஸ் காய்ச்சலோடு வருபவர் ஊசி கேட்கிறார். பாரசிட்டமாலும் ஓய்வும் போதும் என்கிறார் மருத்துவர். மறுநாள் மில் ஷிப்டுக்கோ காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்கவோ போகாவிட்டால் கூலி இல்லை. அந்தக் கவலை நியாயமானது. ஆனால் 'ஊசிகூடப் போடல, பீஸ் மட்டும் வாங்கிட்டாரு' என்று ஒற்றை நட்சத்திரம் விழுகிறது. நாலு தெரு தள்ளி, மருத்துவமே படிக்காமல் டெக்ஸாமெத்தசோன் ஏற்றுகிற ஆள் அன்று மாலையே கைராசிக்காரர் ஆகிவிடுகிறார். ஸ்டீராய்டு காய்ச்சலை அமுக்கும், வலியை மறைக்கும். சர்க்கரையையும் ஏற்றிவிடும், உள்ளே காசநோய் இருந்தால் அதைக் கண்டுபிடிப்பதைத் தள்ளிப்போடும். அந்த வைத்தியத்துக்கு ஐந்து, இதற்கு ஒன்று. இந்த அளவுகோலைத்தான் சுவரில் மாட்டச் சொல்கிறார்களா?

பதில் எழுதவும் வழியில்லை. நோயாளியின் ரகசியத்தை வெளியிடக்கூடாது என்கிறது 2002 விதி 7.14. 'இன்ன நோய் இருந்தது, அதனால் இந்த மருந்தைத் தரவில்லை' என்று பொதுவில் எழுதினால் குற்றவாளி மருத்துவர்தான். காசநோய், கருக்கலைப்பு, மனநோய், குடி என்று எதை எழுதினாலும், படிக்கப்போவது அதே தெருக்காரர்கள். மதிப்புரை எழுதுபவருக்குப் புனைபெயர் உண்டு. மருத்துவர் பெயர்ப்பலகைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறார். இதைச் சொன்னால் விமர்சனத்துக்குப் பயம் என்கிறார்கள். வாயைக் கட்டிப்போட்டுவிட்டு அப்படிப் பேசுவது அநியாயம்.

அதற்காகக் கருத்தே கேட்கவேண்டாம் என்று சில மூத்த உறுப்பினர்கள் சொன்னதைச் சங்கம் ஏற்கவில்லை. டாக்டர் முகத்துக்கு நேரே யாரும் குறை சொல்வதில்லை, மருந்துக்கடை வாசலில்தான் சொல்கிறார்கள்: இரண்டு மணி நேரம் காக்கவைத்தார், பெண்களைப் பரிசோதிக்கும் இடத்தில் திரை இல்லை, செல்போனைப் பார்த்துக்கொண்டே கேட்டார், மருந்துச் சீட்டைப் படிக்க முடியவில்லை. கட்டணத்தைப் பலகையில் எழுதிவைக்கச் சொல்வதும் அதே 2002 விதிகள்தான். உறுப்பினர்கள் அவரவர் சுவரைப் பார்த்துக்கொள்ளட்டும்.

பிரிட்டனில் 2012 டிசம்பரிலிருந்து, உரிமத்தைத் தக்கவைக்க விரும்பும் மருத்துவர் ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது நோயாளிகளின் கருத்தைத் திரட்டி, அதிலிருந்து என்ன கற்றார் என்று காட்டவேண்டும். இந்திய அரசு 2016-இல் தொடங்கிய 'மேரா அஸ்பதால்' திட்டம் குறுஞ்செய்தியிலும் தானியங்கி அழைப்பிலும் கேட்கிறது. நோயாளி வீடு போய்ச் சேர்ந்தபின் கேட்பது நல்ல முறை. பீஸ் வாங்கும் கையோடு கேட்டால் பாராட்டுத்தான் கிடைக்கும்.

சங்கத்தின் யோசனையும் அதுவே. நோயாளி சம்மதித்திருந்தால், சில நாள் கழித்து, கிளினிக் ஊழியர் அல்லாத ஒருவர் போனில் கேட்கலாம். யாரைக் கேட்பது என்று மருத்துவர் பொறுக்கி எடுக்கக்கூடாது. மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டு வராமல் போனவரையும் கேட்கவேண்டும். வேடசந்தூர்ப் பக்கத்து மில்களில் இருக்கும் வடமாநிலத் தொழிலாளர்களிடம் இந்தியில் கேட்கவேண்டும். சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டாரா, புரியும்படி விளக்கினாரா, மறுபடி எப்போது வரவேண்டும் என்று சொன்னாரா என்ற மூன்று கேள்விகள் போதும். ஊசி போட்டாரா என்ற கேள்வி இருக்காது.

இந்தக் கருத்துக் கேட்பு நுகர்வோர் நீதிமன்றத்துக்கு மாற்று அல்ல. காசு கொடுத்துப் பெறும் சிகிச்சை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இலேயே சாந்தா வழக்கில் சொல்லிவிட்டது.

கியூஆர் அட்டைகளை அகற்றக் காலக்கெடு வைக்கும் தீர்மானம் நிறைவேறவில்லை. அடுத்த பொதுக்குழுவுக்கு மறுபடி வரும். அதுவரை, மதிப்புரை விற்கும் முகவர்களுக்குப் பணம் கட்டும் உறுப்பினர்கள் அதை நிறுத்துமாறு அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். யார் யார் என்பது செயற்குழுவுக்குத் தெரியும்.