இரண்டு பேர் சாப்பிடும் வீட்டில் ஒருவர் மட்டும் இளைக்க முடியாது

“என்ன சார், உடம்பு கிடம்பு சரியில்லையா? இப்படி இளைச்சுப் போயிட்டீங்களே!”

போன மாதம் ஸ்ரீரங்கம் ரயில் நிலையத்தில் என்னைப் பார்த்த பழைய அலுவலக நண்பர் கேட்ட கேள்வி இது. நம் ஊரில் ஒருவர் தொந்தி வைத்தால் “நல்லா இருக்கீங்க” என்பார்கள். இளைத்தால் எந்த டாக்டரிடம் காட்டுகிறீர்கள் என்பார்கள். “ஒண்ணும் இல்லை சார், நானும் வீட்டுக்காரியும் சாப்பாட்டை மாத்திக்கிட்டோம்” என்றேன். அவர் நம்பவில்லை. ஏதோ நோயை மறைக்கிறேன் என்றே நினைத்துக்கொண்டு ரயில் ஏறியிருப்பார்.

பொன்மலை ரயில்வே பணிமனையில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவன் நான். காலையில் சைக்கிள், பகலெல்லாம் நின்றுகொண்டே வேலை, மதியம் மூன்றடுக்கு டிபன் கேரியர் சாப்பாடு. அது அந்த உடம்புக்குச் சரியாக இருந்தது. பணி ஓய்வு பெற்று ஸ்ரீரங்கத்தில் குடியேறிய பிறகு சைக்கிள் நின்றது, வேலை நின்றது. டிபன் கேரியர் அளவு மட்டும் நிற்கவில்லை. அறுபத்தெட்டு வயதில் 81 கிலோ. ஐந்தடி ஆறு அங்குல உயரத்துக்கு அது அதிகம். ரத்தத்தில் சர்க்கரையும் எல்லைக்கோட்டைத் தாண்டியிருந்தது. என் மனைவிக்கு 74 கிலோ, இரண்டு முழங்காலிலும் வலி.

நான் செய்த தவறு

டாக்டர் என்னிடம் “பத்து கிலோ குறைங்க” என்றார். வீட்டுக்கு வந்து ஒரு பெரிய உத்தரவு போட்டேன். எனக்கு இனிமேல் எண்ணெய் இல்லாத தோசை, அரைக் கரண்டி சோறு, ராத்திரி கோதுமை ரவைக் கஞ்சி. மனைவியும் மறுபேச்சு இல்லாமல் செய்து போட்டார். மூன்று மாதத்தில் நான் நான்கு கிலோ குறைந்தேன். பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமை அடித்துக்கொண்டேன்.

ஒருநாள் மதியம் மூன்று மணி இருக்கும். தூக்கம் கலைந்து தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். மனைவி தரையில் உட்கார்ந்து, பாத்திரத்தில் மிஞ்சியிருந்த சோற்றில் வத்தக்குழம்பை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பன்னிரண்டு மணிக்குத்தான் சாப்பிட்டிருந்தார்.

“என்னம்மா, மறுபடியும் பசிக்குதா?”

“பசி எங்கேங்க? நீங்க சாப்பிடாத சோறு மிஞ்சிடுது. கொட்டவா முடியும்?”

அன்று மாலை அவரை எடை மேடையில் ஏறச் சொன்னேன். 76 கிலோ. நான் குறைத்த நான்கு கிலோவில் இரண்டு கிலோ அவர் உடம்பில் ஏறியிருந்தது. உலை வைக்கும் அளவு மாறவில்லை. என் தட்டு மட்டும்தான் மாறியிருந்தது.

அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தார் 130 தம்பதிகளை வைத்துச் செய்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. தம்பதியில் ஒருவர் எடை குறைக்கும் முயற்சியில் இறங்கினால், எந்தப் பயிற்சியும் பெறாத அடுத்தவருக்கும் எடை குறைகிறதா என்று பார்த்தார்கள். ஆறு மாதத்தில் அப்படிப்பட்ட துணைகளில் சுமார் மூன்றில் ஒருவருக்குத் தம் எடையில் 3 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்திருந்தது. நம் வீடுகளில் இது தானாக நடக்காது என்பது என் கருத்து. கடைசியில் சாப்பிடுபவர், மிச்சத்தைச் சாப்பிடுபவர் என்று நம் வீட்டில் ஒருவர் இருக்கிறார். அவர் பெரும்பாலும் மனைவிதான். கணவன் தட்டில் குறைவது அங்கே போய்ச் சேருகிறது.

தராசில் வைத்துப் பார்த்தோம்

மறுநாள் இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அரிசி அளக்கும் டம்ளரைத் தராசில் வைத்தேன். நான் உத்தரவு போடுவதற்கு முன்னால் எப்படியோ, அப்படியே இன்னும் மதியத்துக்கு 350 கிராம் அரிசி வெந்துகொண்டிருந்தது. காலை இட்லி, இரவு தோசையையும் சேர்த்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 400 கிராமை நெருங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024இல் வெளியிட்ட வழிகாட்டி, அதிக உழைப்பில்லாத ஒருவருக்கு எல்லாத் தானியமும் சேர்த்து 250 கிராம் என்கிறது. காய்கறி, கீரை 400 கிராம், பருப்பு வகை 85 கிராம், எண்ணெய் 27 கிராம். எங்கள் வீட்டில் தானியமும் காய்கறியும் அப்படியே இடம் மாறியிருந்தன.

எண்ணெய்க் கணக்கு இன்னும் மோசம். மாத மளிகைச் சீட்டில் மூன்று லிட்டர். அந்த வழிகாட்டிப்படி இரண்டு பேருக்கு மாதம் 1.8 லிட்டர் வருகிறது. முறுக்கு சுட்ட மாதத்தை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

முதலில் செய்தது, குக்கருக்குள் வைக்கும் பாத்திரத்தைச் சின்னதாக மாற்றியது. மிஞ்சினால்தானே வீணாகிறதே என்ற கவலை வரும்? இரண்டாவது, இருவரும் ஒரே நேரத்தில், ஒரே சாப்பாட்டை, எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவது. நாற்பது வருடத்தில் விசேஷ நாட்கள் தவிர நாங்கள் அப்படிச் சாப்பிட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தட்டில் பாதி காய், கால் பாகம் சோறு, மீதியில் பருப்போ சுண்டலோ. இரவுச் சாப்பாடு ஏழு மணிக்குள். காப்பியில் சர்க்கரையை மாதத்துக்குக் கால் கரண்டியாகக் குறைத்து, இப்போது அறவே இல்லை.

காய் நறுக்குவது யார்?

இதுதான் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். 400 கிராம் காய் என்று எழுதுவது சுலபம். இரண்டு பேருக்கு ஒரு நாளைக்கு 800 கிராம் காயை ஆய்ந்து, கழுவி, நறுக்க வேண்டும். காவிரிக்கரையில் இருக்கிறோம், தேசிய வாழை ஆராய்ச்சி மையமே நம் திருச்சியில் இருக்கிறது. வாழைத்தண்டும் வாழைப்பூவும் காந்தி மார்க்கெட்டில் எப்போதும் கிடைக்கும். நார்ச்சத்து நிறைந்தவை. ஆனால் ஒரு வாழைப்பூவை ஆய்வதற்குள் அரை மணி நேரம் போய்விடும். வலிக்கிற முழங்காலோடு அதை யார் செய்வது?

“ஆரோக்கியமா சமைச்சுப் போடு” என்று கணவன் சொல்வது உண்மையில் மனைவிக்கு இன்னொரு வேலை கொடுப்பதுதான். நானும் அதைத்தான் செய்தேன். இப்போது மார்க்கெட்டுக்குப் போவது, காய் நறுக்குவது இரண்டும் என் பொறுப்பு. முதல் வாரம் வாழைப்பூக் கறையில் என் கை கறுத்துப் போயிற்று. “கையில நல்லெண்ணெய் தடவிக்கிட்டு நறுக்கணுங்க, இதுகூடத் தெரியாதா?” என்று சிரித்தார். உண்மையிலேயே எனக்குத் தெரியாது. மனைவி அரிவாள்மணையில் நிமிடத்தில் நறுக்குவதைக் கத்தியும் பலகையும் வைத்து மேஜையில் செய்ய எனக்கு மூன்று மடங்கு நேரம் ஆகிறது. ஓய்வு பெற்றவனுக்கு நேரத்துக்கா பஞ்சம்?

சிறுதானியமும் ஏகாதசியும்

2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்ததிலிருந்து எல்லோர் வீட்டிலும் வரகும் சாமையும் வந்துவிட்டன. நல்லதுதான். ஆனால் சாமையில் தோசை வார்த்து, “இது ஒண்ணும் பண்ணாது” என்று ஐந்து சாப்பிட்டால் எடை எப்படிக் குறையும்? நாங்களும் இரண்டு மாதம் அப்படி ஏமாந்தோம். ஏகாதசியும் அதே கதைதான். பெரியவர்கள் வயிற்றுக்கு ஓய்வு கொடுக்க வைத்த நாளில் சோறு மட்டும் கிடையாது. ரவா உப்புமா, அடை, பழம், பால் எல்லாம் உண்டு. கோயில் பிரசாதத்தை மட்டும் நாங்கள் விடவில்லை. அக்காரவடிசலோ புளியோதரையோ, உள்ளங்கையில் வாங்குகிற அளவுதான் பிரசாதம். தொன்னை நிறைய வாங்கினால் அது சாப்பாடு.

கிடைத்தது என்ன?

பதினான்கு மாதங்கள் ஆகின்றன. நான் 73 கிலோ. மனைவி 68. சில மாதம் எடை அசையவே இல்லை. ஒரு கல்யாண மாதத்தில் ஏறவும் செய்தது. சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வை நினைத்து மனதைத் தேற்றிக்கொள்வேன். சர்க்கரை நோய் வரும் நிலையில் இருந்தவர்களில், வெறுமனே விடப்பட்டவர்களில் மூன்று வருடத்தில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. உணவையும் நடையையும் திருத்திக்கொண்டவர்களில் 39 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. எடை பெரிதாகக் குறையாமலேயே கிடைத்த பலன் அது. எனவே எடை மேடையை மட்டும் பார்த்துச் சோர்ந்துபோக வேண்டாம்.

சில எச்சரிக்கைகள். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது. சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். நம் வயதில் பட்டினி கிடந்தால் கொழுப்போடு சதையும் கரையும். பருப்பு, தயிர், முட்டை சாப்பிடுபவர்களுக்கு முட்டை, இவற்றைக் குறைக்காதீர்கள். முயற்சி செய்யாமலே எடை இறங்கினால் தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள்.

போன தை மாதம் மலைக்கோட்டைக்குப் போனோம். எட்டு வருடமாக மனைவி கீழே மாணிக்க விநாயகரைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். அன்று தாயுமானவர் சன்னதி வரை ஏறிவிட்டார். அதற்கு மேல் வேண்டாம் என்று கால் சொல்லிவிட்டது. “நீங்க உச்சிப்பிள்ளையாரைப் பாத்துட்டு வாங்க” என்றார். நான் போகவில்லை. அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். அடுத்த தையில் பார்த்துக்கொள்ளலாம்.

இதைப் படிக்கும் நண்பர்கள் இன்று மதியம் ஒரு காரியம் செய்யுங்கள். சாப்பிட்டுக் கை கழுவியதும் ஹாலுக்குப் போய்விடாமல், உங்கள் வீட்டில் கடைசியில் சாப்பிடுபவர் என்ன சாப்பிடுகிறார் என்று ஒருமுறை பாருங்கள்.