கருவியின் காது



தார்நாகாவில் வாழும் நம் மாணவர் ஒருவர் மின்கிட்டார் கற்று வருகிறார். ஊரிலிருந்து வந்த அவருடைய தாத்தா, "வீணை இருக்க இது எதற்கு? இதில் கேட்பது நாதமன்று, மின்சாரத்தின் இரைச்சல்" என்றாராம். மாணவர் விடையறியாது நின்றார். பெரியவரின் கருத்து மதிக்கத்தக்கதே. எனினும் அதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை.

மின்சாரம் ஒலியைப் பெருக்குகிறது. எந்த ஒலியைப் பெருக்குவது என்பதைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு, தந்திகளுக்கு அடியில் உள்ள 'பிக்கப்' என்னும் சிறு உறுப்புக்கே உரியது. அதனைக் கருவியின் காது எனலாம். அதில் காந்தத்தைச் சுற்றி மெல்லிய செம்புக்கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றப்பட்டிருக்கும். எஃகுத் தந்தி அதிர்கையில் காந்தப்புலம் மாறுகிறது. அம்மாற்றம் சுருளில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் இதுவே.

சுற்றுகளைக் கூட்டினால் ஒலி வலுப்பெறும், கூர்மை மங்கும். குதிரைக்கு அருகில் பொருத்தினால் கணீரென ஒலிக்கும்; கழுத்துக்கு அருகில் பொருத்தினால் குழைந்து ஒலிக்கும். ஒற்றைச் சுருளில் தெளிவு மிகுதி. ஆனால் அருகிலுள்ள மின்கம்பிகளின் ரீங்காரத்தையும் அது வாங்கிக்கொள்ளும். அதனை நீக்க, கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் இரட்டைச் சுருள் அமைப்பை உருவாக்கி, 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ரீங்காரம் அடங்கியது, ஒலி தடித்தது, கூர்மை சற்றுக் குறைந்தது. ஒன்றைப் பெற மற்றொன்றை விட்டுக்கொடுக்க வேண்டியுள்ளது.

நம் இசைக்கு இது பொருந்துமா? 1969இல் ஆந்திரத்தின் பாலகொல்லுவில் பிறந்து, சென்னையில் வாழ்ந்து புகழ்பெற்ற மாண்டலின் யூ. ஸ்ரீநிவாஸ் அதற்கு விடையளித்தார். வழக்கமான மாண்டலினில் இரட்டை இரட்டையாக எட்டுத் தந்திகள்; அவற்றை இழுத்துக் கமகம் காட்டுவது கடினம்; நாதமும் விரைவில் அடங்கிவிடும். அவரோ ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின்மாண்டலினைக் கையாண்டார். மெல்ல அடங்கும் அசைவும் அவையின் செவிக்கு எட்டியது. 1998இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

தாத்தாவின் கூற்றிலும் உண்மை உண்டு. காந்தப் பிக்கப் தந்தியின் அசைவையே கேட்கிறது; வீணையின் பலாமரக் குடத்தில் எழும் அதிர்வை அது நேரே கேட்பதில்லை. அந்நாதம் வேண்டுவோர், மரத்தின் அதிர்வை உணரும் வேறு வகை ஒலிவாங்கியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆகவே, குறை மின்சாரத்தில் இல்லை; பொருந்தாத காதைத் தேர்ந்தெடுப்பதில் உள்ளது.

அம்மாணவருக்கு நான் கூறுவது இதுதான்: தாத்தாவுடன் வாதிட வேண்டா. மோகன ராகத்தை வாசித்துக் காட்டுக. எங்கே கமகம் குறைகிறது என்று அவரையே கேட்டறிக. உம்முடைய கிட்டாருக்கு அவரைவிட நல்ல காது கிடைப்பது அரிது.

சிந்தித்து எழுதுக: தாத்தாவின் கருத்து, ஆசிரியரின் கருத்து ஆகிய இரண்டில் உங்களுக்கு ஏற்புடையது எது? காரணம் தருக.