ஆயிலை மாத்துங்க, வாய்க்கால்ல ஊத்தாதீங்க!

ஆட்டோமேட்டிக் காருக்கு கியர் ஆயிலை வீட்டிலேயே மாத்தப் போறேன்னு களக்காட்டில் ஒருத்தர் சொன்னா போதும், "கியர்பாக்ஸ் போயிரும், பாத்துக்கிடும் வே!"ன்னு ஊரே பயமுறுத்தும்.

அந்தப் பயத்துக்கு மருந்து இருக்கு பாஸ். மேனுவல் சொல்ற அதே வகை ஆயில் வாங்கணும். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, வடிச்சதை அளந்து, அதே அளவு ஊத்தி, மேனுவல் சொல்ற சூட்டில் லெவல் பாக்கணும். டார்க் கன்வர்ட்டர் உள்ள வண்டியில் ஒரே தடவையில் எல்லா ஆயிலும் வடியாது, அவ்வளவுதான்.

யாருமே கேக்காத கேள்வி வேற: வடிச்ச பழைய ஆயில் எங்கே? வாழைத்தோட்ட வாய்க்காலிலா? மழை பெய்தா அது பச்சையாற்றுக்குப் போகும். பச்சையாறு தாமிரபரணியில் சேரும். மிச்சமான சர்வீஸ் கூலி ஒருத்தருக்கு வரவு, செலவு மட்டும் வாழைக்காரருக்கும் ஆத்துத் தண்ணி குடிக்கிறவங்களுக்குமா? இதுக்குப் பேர் லாபமா?

பழைய ஆயிலை மறுசுழற்சி செய்யும் பொறுப்பை தயாரிப்பாளர்கள் தலையில் வைக்கும் விதி 2024 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. அப்படின்னா புது ஆயில் விக்கிற ஒவ்வொரு கடையும் பழசைத் திரும்ப வாங்கணும். அதுவரைக்கும் மூடி போட்ட கேனில் சேத்து, பழைய ஆயில் எடுக்கிற ஒர்க்‌ஷாப்பில் கொடுங்க.

வீட்டில் மாத்துறது தப்பே இல்லை. வாய்க்கால்ல ஊத்துறதுதான் தப்பு!