வீட்டுத் தொட்டியில் பவளம் வளர்க்கலாமா? சட்டமும் நைட்ரேட் கணக்கும் சொல்வது என்ன?

நீல வெளிச்சம், அலையில் அசையும் பவளங்கள், நடுவே ஆரஞ்சு நிறக் கிளவுன் மீன். அபார்ட்மென்ட் ஹாலில் சுவர் நீளத்துக்கு வைத்த கடல்நீர்த் தொட்டி வீடியோ ஒன்றாவது உங்கள் ரீல்ஸில் வந்திருக்கும். ‘நம்ம வீட்டுலயும் ஒண்ணு வெச்சா என்ன?’ என்றும் தோன்றியிருக்கலாம்.

காசு இருந்தால் தொட்டியை வாங்கிவிடலாம். ஆனால் அதற்கு முன் இரண்டு கேள்விகளுக்குப் பதில் தெரிய வேண்டும். இந்தியாவில் சட்டப்படி எந்தப் பவளத்தை வைத்துக்கொள்ளலாம்? தொட்டிக்குள் தினமும் சேரும் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் எப்படி வெளியே எடுப்பது? இரண்டாவது கேள்வி, தொட்டி வைக்கும் எண்ணமே இல்லாதவர்களுக்கும் முக்கியம். நம் கடலில் இருக்கும் பவளத்திட்டுகளின் தலையெழுத்தில் ஒரு பகுதி அதே கணக்கில்தான் இருக்கிறது.

முதலில், பவளம் என்பது என்ன?

பார்க்கக் கல் மாதிரி, செடி மாதிரி இருந்தாலும் பவளம் ஒரு விலங்கு. அதன் திசுவுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளிச்சேர்க்கை செய்து சர்க்கரை தருகின்றன. பவளம் அவற்றுக்கு இடமும் ஊட்டச்சத்தும் தருகிறது. பவளத்தின் நிறத்தில் பெரும்பங்கு இந்த நுண்பாசிகளுடையது. வெப்பம் கூடினால் இந்தக் கூட்டுக் குடித்தனம் உடைகிறது. பாசி வெளியேற, அடியில் உள்ள வெள்ளை எலும்புக்கூடு தெரிய ஆரம்பிக்கிறது. இதைத்தான் ‘வெளிறுதல்’ என்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

ரீல்ஸில் பார்க்கும் கெட்டிப் பவளங்களில் எதையும் இங்கே கடலிலிருந்து எடுத்து விற்கவோ வாங்கவோ முடியாது. திட்டுகளைக் கட்டும் கெட்டிப் பவளங்கள் எல்லாமே 2001 முதல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கடல்விசிறி, கரும்பவளம், நெருப்புப் பவளம் ஆகியவையும் அந்தப் பட்டியலில் உண்டு. புலிக்கும் யானைக்கும் இருக்கும் அதே அட்டவணைதான் இது.

2022 திருத்தத்துக்குப் பிறகு, முதல் அட்டவணை விலங்குகள் தொடர்பான குற்றத்துக்குக் குறைந்தது 3 ஆண்டுகள், அதிகபட்சம் 7 ஆண்டுகள் சிறை. அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். ‘செத்த பவளம்தானே, டெகரேஷனுக்கு’ என்ற சமாதானமும் செல்லாது. ‘இம்போர்ட் சார், பிரச்சினை வராது’ என்று கடைக்காரர் சொன்னால் காகிதத்தைக் கேளுங்கள். உங்கள் கையில் இருப்பது சட்டப்படி வந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பை இந்தச் சட்டம் வைத்திருப்பவர் மேல்தான் சுமத்துகிறது.

அப்போ என்னதான் வைக்கலாம்? செயற்கைப் பாறை, பண்ணையில் குஞ்சு பொரித்து வளர்த்த மீன்கள். கிளவுன் மீனைக் கடலில் பிடிக்காமலேயே இனப்பெருக்கம் செய்யும் நுட்பத்தை மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியிருக்கிறது. மென்பவளங்களில் பல முதல் அட்டவணையில் இல்லை. ஆனால் கடல் தேசியப் பூங்காவுக்குள்ளிருந்து எதை எடுப்பதும் குற்றம். அதனால் அவற்றுக்கும் ‘இது எங்கிருந்து வந்தது?’ என்ற கேள்விதான் முதலில்.

ஊட்டச்சத்து எங்கிருந்து வருகிறது?

மீனுக்குப் போடும் தீனியிலிருந்துதான். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

1,000 லிட்டர் தொட்டி. தினமும் 10 கிராம் உலர்தீனி. அதில் பாதி புரதம் என்று வைத்துக்கொண்டால் 5 கிராம். புரதத்தில் ஏறக்குறைய 16 சதவீதம் நைட்ரஜன், ஆக 0.8 கிராம். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைப் பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அந்த நைட்ரஜன் முழுவதும் நைட்ரேட்டானால் சுமார் 3.5 கிராம். அதாவது ஒரே நாளில் லிட்டருக்கு 3.5 மில்லிகிராம் கூடும். தீனியில் 1 சதவீதம் பாஸ்பரஸ் இருந்தால், பாஸ்பேட் நாளுக்கு லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் வரை கூடும்.

இது உச்ச வரம்பு. கொஞ்சத்தை மீன் தன் உடம்பில் சேர்த்துக்கொள்ளும், கொஞ்சம் பாறைக்குள் இருக்கும் பாக்டீரியாக்களுக்குப் போகும். பாதிதான் தண்ணீரில் சேர்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியும் வாரத்துக்கு 12 மில்லிகிராம் நைட்ரேட். பவளத் தொட்டி வைப்பவர்கள் பொதுவாக வைக்கும் இலக்கு நைட்ரேட் 2 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1. பாஸ்பேட் அந்த வரம்பைத் தாண்ட ஒரு நாள் போதும்.

வாரா வாரம் தண்ணி மாத்தினா போதாதா?

போதாது. 10 சதவீதம் தண்ணீரை மாற்றினால், அதில் இருக்கும் நைட்ரேட்டிலும் 10 சதவீதம்தான் வெளியே போகும். வாரத்துக்கு 12 சேர்ந்து, 10 சதவீதம் மட்டும் வெளியேறினால், நைட்ரேட் 120-ஐ எட்டும் வரை ஏறிக்கொண்டே போகும். அங்கேதான் வரவும் செலவும் சமமாகும். 10-க்குள் நிறுத்த வேண்டுமென்றால் ஒவ்வொரு வாரமும் மொத்தத் தண்ணீரையும் கொட்டினாலும் பத்தாது. கடல் உப்பு விற்கும் விலைக்கு அது ஆகிற காரியமில்லை.

தண்ணீர் மாற்றுவது வீண் என்று அர்த்தமில்லை. கால்சியம் போன்ற தாதுக்களை ஓரளவு ஈடுகட்ட அது தேவை. ஊட்டச்சத்தை வெளியேற்றும் வேலையை மட்டும் வேறு வழிகளிடம் கொடுக்க வேண்டும்:

• புரத ஸ்கிம்மர்: நுண்ணிய காற்றுக்குமிழிகளில் கரிமக் கழிவு ஒட்டிக்கொண்டு நுரையாகத் திரண்டு மேலே வரும். கழிவு அழுகி நைட்ரேட் ஆவதற்கு முன்பே வெளியேறிவிடுகிறது.

• பாசி அறை: கீழ்த் தொட்டியில் தனி விளக்கு வைத்து, கீட்டோமார்ஃபா போன்ற நூல்பாசியை வேண்டுமென்றே வளர்ப்பது. அது நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உறிஞ்சி வளரும். அறுவடை செய்து வெளியே எறிந்தால்தான் கணக்கு நேராகும். அப்படியே விட்டால் அழுகி, எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிடும்.

• கார்பன் ஊட்டம்: வினிகர் அல்லது வோட்கா சில மில்லிலிட்டர். ஆமாம், வோட்காதான். கார்பன் கிடைத்ததும் பாக்டீரியாக்கள் பெருகி நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் தின்னும். அந்தப் பாக்டீரியாக்களை ஸ்கிம்மர் வெளியேற்றும். அளவு மீறினால் ஆக்ஸிஜன் சரிந்து, ராத்திரியோடு ராத்திரியாக மீன்கள் செத்துப்போகலாம்.

• இரும்பு ஆக்சைடு துகள்கள்: பாஸ்பேட்டை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அப்போ பூஜ்யமாக்கிவிட்டால் நல்லதுதானே?

புதிதாக ஆரம்பிப்பவர்கள் தடுக்கி விழும் இடம் இது. பவளத்துக்குள் வாழும் நுண்பாசிக்கும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் வேண்டும். இரண்டையும் வழித்துத் துடைத்துவிட்டால் பவளம் நிறம் மங்கிப் பட்டினி கிடக்கும். காலியான இடத்தைப் பழுப்பு நிறச் சளிபோலப் படரும் வேறு உயிரிகள் பிடித்துக்கொள்ளும்.

ஒன்றை மட்டும் குறைப்பது இன்னும் ஆபத்து. பிரிட்டனின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோர்க் வீடன்மன் குழு 2013-ல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. நைட்ரஜன் கூடி, பாஸ்பேட் அதற்கேற்பக் கிடைக்காதபோது நுண்பாசி பாஸ்பேட் பட்டினிக்குள்ளாகிறது. அந்த நிலையில் வெப்பமும் கடும் வெளிச்சமும் சேர்ந்தால் பவளம் சீக்கிரம் வெளிறிவிடுகிறது. ஆகவே அளவைப் போலவே விகிதமும் முக்கியம்.

நம்ம ஊர் தண்ணீர் தாங்குமா?

இந்தியத் தரநிலைப்படி குடிநீரில் நைட்ரேட் 45 மில்லிகிராம் வரை இருக்கலாம். அதாவது நாம் குடிக்கத் தகுந்த தண்ணீரே பவளத் தொட்டியின் இலக்கைப் பல மடங்கு தாண்டியிருக்கக்கூடும். மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024 அறிக்கையோ, 440 மாவட்டங்களில் இந்த 45 என்ற வரம்பும் மீறப்பட்டிருப்பதைச் சொல்கிறது. முக்கியக் காரணங்கள் உரமும் கழிவுநீரும். அதனால் போர் தண்ணீரில் நேரடியாக உப்பைக் கலக்கக் கூடாது, ஆர்.ஓ.வுக்குப் பிறகு அயனி நீக்கமும் செய்த தண்ணீர்தான் வேண்டும்.

இதுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்?

மன்னார் வளைகுடா, கட்ச் வளைகுடா, லட்சத்தீவு, அந்தமான் நிகோபார் ஆகியவை இந்தியாவின் முக்கியப் பவளத்திட்டுப் பகுதிகள். உலகளாவிய வெளிறுதல் நான்காவது முறையாக நடக்கிறது என்று 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. அடுத்த மாதமே, லட்சத்தீவில் பவளங்கள் கடுமையாக வெளிறியிருப்பதை மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் உறுதிசெய்தது. அங்கே 2023 அக்டோபரிலிருந்தே கடல் வெப்ப அலை நீடித்தது. தூத்துக்குடி முதல் ராமேஸ்வரம் வரை 21 தீவுகளைச் சுற்றிய மன்னார் வளைகுடாத் திட்டுகள் ஏற்கெனவே 2010-லும் 2016-லும் அடிவாங்கியவை.

கடல் சூடாவதை ஒரு மாவட்ட நிர்வாகமோ ஒரு மாநகராட்சியோ நிறுத்திவிட முடியாது. ஆனால் கடலுக்குள் போகும் நைட்ரஜனைக் குறைக்க முடியும். ஹவாயின் கனியோஹே வளைகுடா இதற்குப் பழைய சாட்சி. அங்கே கழிவுநீர் கலந்ததால் பச்சைப்பாசி படர்ந்து பவளங்களை மூடியது. 1977-78-ல் கழிவுநீர்க் குழாய்களை வளைகுடாவுக்கு வெளியே திருப்பினார்கள். பாசி குறைந்து, பவளம் மறுபடி தலையெடுத்தது.

வீட்டுத் தொட்டியில் நைட்ரேட் ஏறினால் ஸ்கிம்மரை மாற்றலாம், பாசியை அறுக்கலாம், தண்ணீரை மாற்றலாம். மன்னார் வளைகுடாவுக்கு ஸ்கிம்மர் கிடையாது. அங்கே நம் கையில் இருப்பது வரவைக் குறைக்கும் ஒரே வழிதான்: கழிவுநீரைச் சுத்திகரித்த பிறகே விடுவது, வயலில் உரத்தை அளவோடு போடுவது.

அப்படியும் தொட்டி வைக்கணும்னா?

• 1,000 லிட்டர் தண்ணீர் மட்டுமே ஒரு டன். கண்ணாடியும் பாறையும் தனி. கட்டடப் பொறியாளரைக் கேட்காமல் மாடியில் வைக்காதீர்கள்.

• பம்ப், விளக்கு, சில்லர் எல்லாம் 24 மணி நேர மின்சாரத்தை நம்பியவை. கரன்ட் போனால் முதலில் தீர்வது ஆக்ஸிஜன். குறைந்தது பம்ப்புக்காவது பேட்டரி பேக்கப் வேண்டும்.

• முதல் சில மாதங்கள் பாறை, பாக்டீரியா, ஓரிரு மீன் மட்டும். வாரா வாரம் நைட்ரேட், பாஸ்பேட் அளந்து குறித்து வையுங்கள். ஒரு நாளின் எண்ணை வைத்துப் பதறாமல், அது எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள்.

• தீனியைக் குறைப்பதுதான் செலவே இல்லாத முதல் கட்டுப்பாடு. வெளியேற்றும் வழியைத் தயார் செய்யாமல் மீன் எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள்.

• ரசீது இல்லாத எந்த உயிரையும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

இவ்வளவுக்கும் தயார் என்றால் ஆரம்பிக்கலாம். தயக்கமாக இருந்தால் தள்ளிப்போடுங்கள். தொட்டி எங்கும் போய்விடாது. கடலில் இருக்கும் பவளத்துக்குத்தான் அந்த அவகாசம் இல்லை.