பிடித்ததை விட்டுவிடும் கை

பாரிசவாதம் வந்த ஒருவரிடம் "கையைத் தூக்குங்கோ" என்கிறோம். தூக்குகிறார். சில விநாடிகளில் கை இறங்கிவிடுகிறது. கண்ணை மூடச் சொன்னால் மூடி, உடனே திறந்துவிடுகிறார். "பெலன் இருக்குது, மனம்தான் இல்லை" என்று வீட்டார் தீர்ப்புச் சொல்லிவிடுகின்றனர். இத்தீர்ப்பு பிழையானது, நோயாளிக்கு அநீதியானது என்பதே எமது கருத்து.

ஓர் அசைவைத் தொடங்குவது வேறு. அதனைத் தொடர்ந்து பேணுவது வேறு. பின்னையதற்கும் மூளை உழைக்க வேண்டும். மூளையின் வலது பாதி பாதிக்கப்பட்டு, உடலின் இடப்பக்கம் செயலிழந்தவர்களிடம் இக்குறை கூடுதலாகக் காணப்படுகிறது. 1956ஆம் ஆண்டில் மில்லர் பிஷர் என்னும் நரம்பியல் வைத்தியர் இதனைத் தனியாக விவரித்து எழுதினார். தசையின் பெலவீனத்தைக் கொண்டு மட்டும் இதனை விளக்க முடியாது. வாதம் தாக்காத வலக்கையும்கூட இவ்வாறு விட்டுவிடக்கூடும். இவர்களுள் தமது இடப்பக்கத்தையே கவனியாது விடுவோரும், தமக்கு நோயுண்டு என்பதை உணராதோரும் உளர்.

இடம்பெயர்ந்த கமக்காரக் குடும்பங்களுக்கு இது பெருஞ்சோதனை. சொந்த ஊரில் உறவினர் வளவுகள் அடுத்தடுத்து இருந்தன. நோயாளியைப் பார்க்க ஆள் மாறி ஆள் இருந்தனர். வந்த இடத்தில் கூலிக்குப் போனால்தான் அடுப்பெரியும். உழைக்கும் கைகளை எண்ணிப் பார்க்கும் வீட்டில், தூக்கிய மண்வெட்டியைப் பாதியில் போடுபவர் பாரமாகவே தெரிவார். ஏச்சுக் கேட்டுக் கேட்டு அவர் முயற்சியையே கைவிடுவார். அத்துடன் பயிற்சியும் நின்றுவிடும்.

நாம் செய்யக்கூடியவை உண்டு. கிளினிக்குக்குப் போகும்போது "கை இயங்குது" என்று மட்டும் சொல்லாது, எவ்வளவு நேரம் பிடித்திருக்கிறார் என்பதையும் வைத்தியரிடமும் இயன்மருத்துவரிடமும் சொல்ல வேண்டும். ஒரு கணம் கையை இறுகப் பிடித்துக் காட்டுபவரை வேலைக்குத் தகுதியானவர் என்று எவரும் முடிவு செய்துவிடலாகாது. சுடுநீர்க் கேத்தல், கைக்குழந்தை, கிணற்றுக் கயிறு ஆகியவற்றை அவரிடம் தனியே ஒப்படைக்க வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரு வேலையே போதும். பக்கத்தில் இருந்து "விடாதேங்கோ, இன்னும் கொஞ்சம்" என்று அமைதியாக நினைவூட்டினால் சிலரால் கூடுதல் நேரம் பிடித்திருக்க முடிகிறது. கச்சான் கோது உடைத்தல், விதை தெரிதல் போன்றவை ஒவ்வொரு கணத்திலும் முடிந்து மீண்டும் தொடங்கும் வேலைகள். அவற்றில் அவரும் பங்குகொள்ளலாம். குடும்பத்துக்கு உழைக்கிறோம் என்ற மனநிறைவு அவருக்கும் வேண்டும். நாட்செல்லப் பலருக்கு இக்குறை தணிகிறது, சிலருக்கு நீடிக்கிறது. இரு சாராருக்கும் பொறுமையே தேவை.

இப்பொறுமையை மனைவியிடமோ மகளிடமோ மட்டும் எதிர்பார்ப்பது நீதியாகாது. மாற்கு நற்செய்தியில் முடக்குவாதமுற்றவரை நால்வர் சுமந்து வந்தனர். எமது குடியிருப்புகளில் பல வேளை ஒரு பெண்ணே தனித்துச் சுமக்கிறாள். அன்பியங்களும் மாதர் சங்கங்களும் முறை வைத்து, கிழமையில் ஒரு நாளேனும் அவ்வீட்டில் ஒருவர் இருக்க ஒழுங்கு செய்யட்டும். மற்ற மூன்று மூலைகளையும் பிடிக்க நாம் முன்வருவோமா?